டிகோடரில் பதிவானதை வெளியே எடுக்க முடியுமா?

டிகோடரில், அதாவது டிவிக்குச் சேனல்களை வாங்கித் தரும் பெட்டியில், பதிவாகியிருக்கும் ஒரு நிகழ்ச்சியைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆசை இவ்வளவுதான். போனில் எடுத்த படத்தைக் கணினிக்கு மாற்ற ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இதையும் ஒரு கேபிள் போட்டு இழுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சில வீடுகளில் அப்படியே முடிந்தும் விடுகிறது. வேறு சில வீடுகளில் கேபிளை மாற்றி, டிஸ்க்கை மாற்றி, பினாங்கு பிராங்கின் மால் கடைகளுக்கு நடையாய் நடந்த பிறகும் ஒன்றும் நடப்பதில்லை.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிவு பூட்டியிருக்கிறதா, பூட்டியிருந்தால் சாவி எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதி வேலை ஒன்று மிகச் சுலபம், அல்லது வேண்டவே வேண்டாம். பதில் தெரியாமல் டிஸ்க் வாங்கப் போகாதீர்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்தப் பெட்டி?

பினாங்கில் பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று இருக்கும். சில வீடுகளில் இரண்டுமே இருக்கும். கூடத்தில் ஒன்று, தாத்தா அறையில் ஒன்று.

முதலாவது, மைடிவி டிகோடர். 2019-இல் மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு டிவி1, டிவி2, டிவி3 எல்லாம் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் வருகின்றன. கூரை மேல் ஒரு யூஎச்எஃப் ஏரியல், அதிலிருந்து ஒரு வயர், அந்தச் சின்னப் பெட்டி. மாதக் கட்டணம் கிடையாது, ஸ்மார்ட் கார்டும் கிடையாது. இந்தப் பெட்டிகள் பலவற்றில் முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு யூஎஸ்பி துளை இருக்கும். அதில் ஒரு பென்டிரைவைச் செருகி, ரிமோட்டில் சிவப்புப் புள்ளி போட்ட பொத்தானை அழுத்தினால் ஓடிக்கொண்டிருப்பது பதிவாகும். பல வீடுகளில் அந்தத் துளை தூசி படிந்து கிடக்கிறது. அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது, கட்டணப் பெட்டி. 1996-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோதான் இங்கே பெரும்பாலும். வானவில் என்ற தமிழ் அலைவரிசை பார்க்கும் வீடு என்றால் இதுதான். தட்டு ஏரியல், பெட்டிக்குள் சந்தாவைச் சரிபார்க்கும் ஏற்பாடு, மாதா மாதம் பில். பதிவு வசதி உள்ள பெட்டிகளில் உள்ளேயே ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும், அல்லது வெளியே ஒன்றை மாட்டச் சொல்வார்கள்.

இந்த இரண்டிலும் சேராத ஒன்று இப்போது வந்திருக்கிறது. 2019-இல் வந்த ஆஸ்ட்ரோவின் அல்ட்ரா பெட்டியில் கிளவுட் பதிவு உண்டு. அதாவது நீங்கள் ‘ரெக்கார்ட்’ அழுத்தினாலும் உங்கள் வீட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. நிகழ்ச்சி நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. உங்கள் கணக்கில் ஒரு குறிப்பு மட்டும் சேர்கிறது. கோப்பே வீட்டில் இல்லாதபோது அதை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சந்தா இருக்கும்வரை, அவர்கள் வைத்திருக்கும்வரை பார்க்கலாம்.

ஸ்மார்ட் டிவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது விற்கும் பல தொலைக்காட்சிகளில் டிவிபி-டி2 அலைவரிசையைப் பிடிக்கும் டியூனர் உள்ளேயே இருக்கிறது, யூஎஸ்பி பதிவு வசதியும் இருக்கிறது. இலவச அலைவரிசைதானே, பூட்டு எதற்கு என்று நினைப்போம். ஆனால் பல பிராண்டுகள் தங்கள் டிவியில் பதிவாகும் எல்லாவற்றையும் அந்த ஒரு டிவிக்கு மட்டும் திறக்கும்படி பூட்டிவிடுகின்றன. டிவி2 தமிழ்ச் செய்தியைப் பதிவு செய்தாலும் இதே கதைதான். அதே நிகழ்ச்சி, விலை மலிவான மைடிவி பெட்டியில் பதிவானால் பெரும்பாலும் எந்தக் கணினியிலும் திறக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டிவியில் பதிவானால் திறக்காது. எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பதிவு என்றால் உள்ளே என்ன?

வானத்திலிருந்தோ ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்தோ வருவது முழுப் படமாக வருவதில்லை. படம், ஒலி, வசன வரி, நிகழ்ச்சிப் பெயர் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டப்பட்டு, ஒன்று மாற்றி ஒன்றாகக் கலந்து, ஒரே தொடராக வருகின்றன. ஒவ்வொரு பொட்டலமும் 188 பைட். லெபோ பசாரில் கதம்பம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்: மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து மாறி மாறி வரும், எந்த இடத்தில் அறுத்தாலும் கையில் இருப்பது கதம்பம்தான், நாரில் கட்டியது சிதறாது. இந்தத் தொடரும் அப்படித்தான். நிகழ்ச்சி தொடங்கிப் பாதியில் டிவியைப் போட்டாலும் படம் வந்துவிடுகிறதே, அதற்காகவே இப்படி வடிவமைத்தார்கள். இதன் பெயர் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம். கோப்பின் பெயர் முடிவில் ‘டிஎஸ்’ என்று இருப்பது அதனால்தான்.

பதிவுப் பெட்டி புதிதாக எதையும் தயாரிப்பதில்லை. வந்த தொடரை அப்படியே டிஸ்க்கில் எழுதுகிறது, அவ்வளவுதான். இதில் ஒரு நல்லதும் உண்டு, ஒரு கெட்டதும் உண்டு. நல்லது: பதிவின் தரம் ஒளிபரப்பின் தரத்துக்குக் கொஞ்சமும் குறையாது. கெட்டது: வந்ததில் ஓட்டை இருந்தால் பதிவிலும் ஓட்டை இருக்கும். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் தட்டு ஏரியல் வீடுகளில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது; அந்த அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுகின்றன. ஏரியல் வீடுகளில் வேறு பிரச்சினை. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மலை மறைத்தால் சிக்னல் மெலிந்துவிடும், பினாங்குத் தீவில் மலைக்குப் பஞ்சமில்லை. அப்படி உடைந்த இடத்தை வெளி டிஸ்க்குக்கு மாற்றினாலும், எந்த மென்பொருளில் போட்டாலும் சரிசெய்ய முடியாது. அந்தப் பொட்டலம் வந்து சேரவே இல்லை. முக்கியமான ஒன்றைப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் ஏரியலின் திசையை முதல் நாளே பார்த்து வைப்பது நல்லது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

கட்டண அலைவரிசை வானத்திலிருந்து வரும்போதே பூட்டித்தான் வருகிறது. சந்தா சரியாக இருந்தால் பெட்டி அதைத் திறந்து காட்டுகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது அடுத்த படி: திறந்த படத்தை டிஸ்க்கில் எழுதும்போது பெட்டி மறுபடியும் பூட்டி எழுதுகிறது. இந்த இரண்டாவது பூட்டின் சாவி பெட்டிக்குள் ஒரு சில்லில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சாவி. வெளியிலிருந்து யாரும் அதைப் படிக்க முடியாது. உங்கள் பெட்டியில் பதிவானதை அதே மாடலில் உள்ள பக்கத்து வீட்டுப் பெட்டியால்கூடத் திறக்க முடியாது.

எங்கள் பெரியம்மா ஒருநாள் பட்டர்வொர்த்திலிருந்து போன் செய்தார்.

“தம்பி, பெட்டியை மாத்திட்டுப் புதுசு வைக்கிறாங்களாம். நாளைக்கு ஆள் வருது. உள்ள இருக்கிறதெல்லாம் என்னய்யா ஆகும்?”

“என்ன பெரியம்மா இருக்கு உள்ள?”

“தைப்பூசம் இருக்கு. பழைய படமெல்லாம் இருக்கு. நம்ம பாப்பா ஸ்கூல் பொங்கல்ல ஆடினது டிவியில வந்துச்சே, அது இருக்கு. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டி வச்சுக்கலாமா?”

கழற்றலாம். கையில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும், அதற்குள் எல்லாம் பத்திரமாகவும் இருக்கும், ஆனால் யாராலும் பார்க்க முடியாது. சாவி அந்தப் பழைய பெட்டியோடு போய்விடும். போதாததற்கு, இப்படிப்பட்ட பெட்டிகள் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. திறந்து டிஸ்க்கைக் கழற்றினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெரியம்மாவிடம் நான் சொன்னது ஒன்றுதான்: “பாப்பா ஆடினதை இன்னைக்கு ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து பாத்துடுங்க. மத்தது திரும்ப வரும்.” ஒளிபரப்பான நிகழ்ச்சியின் பிரதி வேண்டுமென்றால் பள்ளியிடமோ, தயாரித்தவர்களிடமோ கேட்பது வீண் போகாது. குழந்தையின் பெயர், ஒளிபரப்பான தேதி இரண்டும் கையில் இருந்தால் கேட்பதும் எளிது.

வெளி டிஸ்க் மாட்டும் வசதி உள்ள கட்டணப் பெட்டிகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிஸ்க் நம் காசில் வாங்கியது, பெட்டிக்கு வெளியே இருக்கிறது, ஆகவே உள்ளிருப்பதும் நம்முடையது என்ற எண்ணம். பெட்டிக்கு அது கூடுதல் இடம், வேறொன்றுமில்லை. மாட்டியவுடன் பெட்டி அந்த டிஸ்க்கை அழித்துத் தன் முறையில் புதிதாக ஒழுங்குபடுத்தும் (குடும்பப் படங்கள் இருக்கும் டிஸ்க்கை மாட்டிவிடாதீர்கள்). எழுதுவதெல்லாம் பூட்டித்தான்.

அந்த டிஸ்க்கை மடிக்கணினியில் மாட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் கை தவறினால் எல்லாம் போய்விடும். டிஸ்க்கின் விளக்கு எரியும். ‘டிங்’ என்று ஒரு சத்தம். டிஸ்க்கின் எழுத்து ஒன்று பட்டியலில் தோன்றும், ஆனால் எவ்வளவு இடம் என்ற நீலக்கோடு இருக்காது. கூடவே ஒரு சன்னல்: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? டிஸ்க் கெட்டுப்போனதாக நினைத்துச் ‘சரி’ கொடுத்துவிடுவோம். டிஸ்க் கெடவில்லை. பெட்டிகள் பலவும் லினக்ஸ் முறையில் டிஸ்க்கை ஒழுங்குபடுத்துகின்றன, அதை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அவ்வளவுதான். வேண்டாம் என்று கொடுத்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றிப் பழையபடி பெட்டியில் மாட்டுங்கள், எல்லாம் இருக்கும்.

இவ்வளவு இறுக்கிப் பூட்ட என்ன காரணம் என்றால், பதிவு செய்வதில் இரண்டு வேறு ஆசைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, எட்டு மணிக்கு வருவதைப் பத்து மணிக்குப் பார்ப்பது. மற்றொன்று, காலத்துக்கும் சேர்த்து வைப்பது. அமெரிக்காவில் பீட்டாமேக்ஸ் பதிவுக் கருவி குறித்து சோனிக்கு எதிராகப் பட நிறுவனங்கள் தொடர்ந்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. 1984-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு, பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது தவறில்லை என்றது. சேர்த்து வைப்பதற்கு அந்தத் தீர்ப்பு அப்படி ஓர் ஒப்புதல் தரவில்லை. இன்றைய பெட்டிகளின் பூட்டும் அதே கோட்டில்தான் நிற்கிறது: தள்ளிப் பார், எடுத்துக்கொண்டு போகாதே. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 2012 திருத்தத்துக்குப் பின், இப்படிப்பட்ட தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்கிறது. பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையோ மென்பொருளோ கண்ணில் பட்டால் நகர்ந்துவிடுவதே மேல். பல சமயம் அதோடு வைரஸ்தான் வரும்.

பூட்டில்லாத பெட்டியில்

இனி மைடிவி பெட்டிக்காரர்களுக்கு. உங்கள் பாடு நிம்மதி. இங்கே ‘மாற்றுவது’ என்ற வேலையே பாதி இல்லை, ஏனென்றால் பதிவாவதே வெளி டிஸ்க்கில்தான். ஆனாலும் சில இடங்களில் தடுக்கும்.

மின்சாரம் முதலில். உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க்குகள் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. யூஎஸ்பி 2 துளை விதிப்படி தருவது 500 மில்லியாம்ப். யூஎஸ்பி 3 என்றால் 900. சின்ன டிகோடரின் துளைக்கு டிஸ்க்கைச் சுழற்றத் தெம்பு போதாமல் போகலாம். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டும், அல்லது பதிவு தொடங்கியதும் பெட்டி தானாக அணைந்து திரும்ப எழும். பெட்டி பழுது என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பென்டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மலிவான பென்டிரைவ் எழுதும் வேகத்தில் பின்தங்கி, பதிவு நடுநடுவே குதிக்கும்.

அடுத்து ஃபார்மேட். டிகோடர்கள் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் பிடிக்கும். சில என்டிஎஃப்எஸ் ஏற்கும். கணினியில் செய்வதைவிட டிகோடரின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்வது நல்லது, தனக்கு எது வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எச்டி ஒளிபரப்பு நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 1 மெகாபைட்; ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. ஆக எழுபது நிமிடம் தாண்டியதும் டிகோடர் முதல் கோப்பை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கும். இரண்டரை மணி நேரப் படம் மூன்று துண்டாக, 000, 001, 002 என்று எண் போட்டுக் கிடப்பது இதனால்தான். ஏதோ கோளாறு என்று ஒரு துண்டை அழித்துவிட்டால் படத்தின் நடுப்பகுதி போச்சு.

இதே கணக்கை வைத்து எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டும் என்றும் பார்த்துக்கொள்ளலாம். சாதாரணத் தரம் நொடிக்கு 3 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் எச்டி நிகழ்ச்சி 270 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். (ஒரு டெராபைட் வாங்கினால் விண்டோஸ் 931 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறை வேறு.) ஒரு வீட்டுக்கு இது தாராளம். சீரியல் ஒன்று விடாமல் சேர்ப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

அப்புறம், பாஸ் பொத்தான், அதாவது படத்தை அப்படியே நிறுத்தி வைக்கும் பொத்தான். ஓடும் நிகழ்ச்சியைப் பாஸ் செய்துவிட்டுக் கதவைத் திறக்கப் போய் வந்து தொடர்ந்து பார்க்கிறோம். அப்போதும் டிஸ்க்கில் ஏதோ எழுதப்படுகிறது, ஆனால் அது தற்காலிகம். சேனலை மாற்றியவுடன் அழிந்துவிடும். ‘நேற்று பாஸ் பண்ணினேனே, எங்கே காணோம்?’ என்று தேடுவதில் அர்த்தமில்லை. பதிவு வேண்டுமென்றால் பதிவுப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.

பதிவு முடிந்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்தி, சில நொடிகள் பொறுத்து, பெட்டியை அணைத்துவிட்டுப் பிறகு டிஸ்க்கைக் கழற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் கடைசிப் பகுதி மட்டும் போகாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலே கலைந்து, முழுப் பதிவும் காணாமல் போகலாம்.

கணினிக்கு வந்த பிறகு

டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் பெட்டி உருவாக்கிய ஒரு கோப்புறை இருக்கும். பெயர் மாடலுக்கு மாடல் மாறும். உள்ளே ஒவ்வொரு பதிவுக்கும் சேனல் பெயரும் தேதியும் கொண்ட ஒரு சின்னக் கோப்புறை. அதற்குள் பெரிய கோப்பு ஒன்றோ சிலவோ இருக்கும், கூடவே சில கிலோபைட் அளவில் குட்டிக் கோப்புகள். பெரியவைதான் நிகழ்ச்சி. குட்டிகள் டிகோடர் தன் வசதிக்கு எழுதிய குறிப்புகள்; கணினிக்குத் தேவையில்லை, ஆனால் திரும்ப டிகோடரிலேயே போட்டுப் பார்க்க நினைத்தால் தேவைப்படும். ஆகவே கோப்புறையோடு சேர்த்தே நகலெடுத்து வையுங்கள்.

நகலெடுக்க எவ்வளவு நேரம்? யூஎஸ்பி 2 நடைமுறையில் நொடிக்கு 30 மெகாபைட் தரும் என்றால், ஒரு மணி நேர எச்டி நிகழ்ச்சி இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். அரை டெராபைட்டை மொத்தமாக மாற்ற வேண்டுமென்றால் ஐந்து மணி நேரம் போல ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

கோப்பை விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் திறந்து பாருங்கள். ஓடினால் பூட்டில்லை. கறுப்புத் திரையும் மௌனமும்தான் என்றால், அல்லது வண்ணக் கட்டங்கள் மட்டும் தாறுமாறாகப் பறந்தால், பெரும்பாலும் பூட்டிய பதிவு. பூட்டை அறிய இதைவிட எளிய சோதனை இல்லை: ஐந்து நிமிடம் பதிவு செய்து, விஎல்சியில் போட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் பதிவு செய்து சேர்ப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும்.

படம் வருகிறது, ஒலி வரவில்லை என்றால் அது பூட்டு இல்லை. ஒளிபரப்பில் வரும் ஒலி வகை சில போன்களுக்கும் பழைய பிளேயர்களுக்கும் பழக்கமில்லை. விஎல்சி பெரும்பாலும் சமாளித்துவிடும்.

துண்டுகளை ஒட்டுவதும், முன்னும் பின்னும் விளம்பரத்தை வெட்டுவதும் அடுத்த வேலை. இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். படத்தை அப்படியே வைத்து உறையை (டிஎஸ், எம்பி4, எம்கேவி போன்ற கோப்பு வகையை) மட்டும் மாற்றுவது ஒன்று. படத்தை அவிழ்த்து மறுபடி சுருக்குவது மற்றொன்று. முதலாவது சில நிமிட வேலை, தரம் குறையாது. இரண்டாவதற்கு நெடுநேரம் ஆகும், ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். அவிடெமக்ஸ், லாஸ்லெஸ்கட் இரண்டும் இலவசம். இரண்டும் முதல் வகை வேலையைச் செய்யும். அவிடெமக்ஸில் படம், ஒலி இரண்டுக்கும் ‘காப்பி’ என்று வைத்துவிட்டால் போதும். ‘எம்பி4-ஆக மாற்றித் தருகிறேன்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பலவும் கேட்காமலே இரண்டாவது வேலையைச் செய்துவிடும்.

உறை மாற்றும்போது வசன வரியையும் கவனியுங்கள். தமிழ்ப் படத்துக்குக் கீழே ஓடும் மலாய் வரிகள் சில ஒளிபரப்புகளில் படத்தோடு ஒட்டியே வரும், அதற்கு ஆபத்தில்லை. சிலவற்றில் தனித் தொடராக வரும், ரிமோட்டில் அணைத்து எரியவிட முடியும். அந்த வகை, எம்பி4 உறைக்கு மாற்றினால் பொதுவாகத் தொலைந்துபோகும். எம்கேவி உறையில் தங்கும். வீட்டில் மலாய் வரி பார்த்துக் கதை புரிந்துகொள்ளும் மருமகளோ பேரப்பிள்ளையோ இருந்தால் எம்கேவியே வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய பெட்டிக்காரர்கள்

பெட்டியின் பின்பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று வட்டத் துளைகள் இருக்கிறதா பாருங்கள். பழைய பெட்டிகளில் இருக்கும், புதியவற்றில் குறைவு. அது அனலாக் வாசல். படம் டிவிக்குப் போகும் வழியில் ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவி வழியாகக் கணினியில் பதிவாகும். இது கோப்பை மாற்றுவது ஆகாது. ஓடுவதை மறுபடி பதிவு செய்வது. மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரமும் பெட்டி ஓட வேண்டும். படமும் 576 வரிகளுக்கு இறங்கிவிடும், எச்டி இல்லை. பெட்டியே அந்த வாசலையும் மூடியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். எடுத்ததை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் ஏற்றுவது தனி வழக்கு.

எச்டிஎம்ஐ கேபிளை அதே கருவியில் செருகினால் என்ன என்று கேட்பீர்கள். கறுப்புத் திரைதான் வரும். எச்டிஎம்ஐ வழியாகப் போகும் படத்தையும் எச்டிசிபி என்ற பூட்டு காக்கிறது. எதிர்முனையில் இருப்பது அனுமதி பெற்ற கருவிதானா என்று பெட்டி கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் படத்தை அனுப்பும். அதைத் தாண்ட விற்கும் கருவிகளைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை, மேலே சொன்ன சட்டமே போதும்.

என்னைக் கேட்டால், பூட்டிய பெட்டியில் இருப்பதில் முக்கால்வாசியை விட்டுவிடலாம். படங்கள் திரும்ப வரும், சீரியல்கள் ஆப்பில் கிடைக்கும். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் ரதத்தின் பின்னால் நடந்துவரும் நம் வீட்டு ஆட்களின் முகம் ஒரு நொடி வந்து போனது, பிள்ளை ஆடியது, ஊர்க்காரர் பேட்டி கொடுத்தது, இவைதான் திரும்பக் கிடைக்காதவை. அப்படி ஒன்று டிவி2-இல் வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால், கட்டணப் பெட்டியில் பதிவு செய்யாமல் மைடிவி பெட்டியில் பென்டிரைவ் போட்டுப் பதிவு செய்யுங்கள். டிவி2 இரண்டிலும் வரும். கோப்பு ஒன்றில்தான் கைக்கு வரும்.

வைத்துக்காப்பது

பென்டிரைவ் எடுத்துச்செல்லத்தான், வருடக்கணக்கில் வைக்க இல்லை. மின்சாரம் காட்டாமல் அலமாரியில் வெகுகாலம் கிடந்தால் அதில் எழுதியது மெல்ல மங்கும். எஸ்எஸ்டி என்ற சுழலாத டிஸ்க்குக்கும் அந்தக் குணம் உண்டு. வைத்துக்காக்கச் சுழலும் ஹார்ட் டிஸ்க்கே மலிவும் பொருத்தமும். அதுவும் ஒருநாள் நிற்கும், ஆகவே இரண்டு டிஸ்க்கில் இரண்டு நகல், ஒன்றை அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வைப்பது. நம் ஊர் ஈரத்துக்கு, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மூடி இறுகிய டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் டிஸ்க்குக்கும் நல்லது.

பெயரையும் மாற்றிவிடுங்கள். டிகோடர் வைத்த 000 என்ற பெயரில் இருபது கோப்பு சேர்ந்தால் எது எது என்று கடவுளுக்கே தெரியாது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் போட்டால் கோப்புகள் தானாகக் கால வரிசையில் நிற்கும்: ‘2025-02-11 தைப்பூசம் டிவி2’. யார் எந்த நிமிடத்தில் வருகிறார்கள் என்று பெயரிலேயே எழுதிவைத்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் ஐந்து மணி நேர நேரலையில் பாட்டியைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

நகல் முடிந்ததும் புதிய கோப்பைத் திறந்து தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாவது நகலையும் அப்படியே. இரண்டும் சரி என்றால் பழைய பென்டிரைவை டிகோடரில் மாட்டி, மெனுவில் போய் அழித்து, அடுத்த பதிவுக்கு இடம் பண்ணிக்கொள்ளலாம்.